மூடக் கூடாத விண்டோ

மூடாதீங்க தம்பி, மூடாதீங்க! ஒரு நிமிசம். உள்ள ஏதாச்சும் ஓடிக்கிட்டு இருக்குதான்னு பார்த்துட்டு மூடுங்க. லேப்டாப்பை இப்படி டப்புன்னு மூடறவங்களைப் பார்த்தாலே நடுவுல கையை நீட்டித் தடுத்துடுவேன். ஒண்ணும் ஓடலையா? படம்தான் பார்த்தீங்களா? சரி சரி, மூடிக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் பழக்கம்.

எதுவரைக்கும் போறீங்க? பெங்களூரா? நான் ஓசூர்ல இறங்கிக்குவேன். பொண்ணுக்கு வளைகாப்பு. இதோ கால்கிட்ட இருக்குதே பை, அதுல பட்டுச்சேலை, வளையல், மஞ்சள் குங்குமம் எல்லாம் இருக்குது. கொஞ்சம் காலை அந்தப் பக்கம் வெச்சுக்கங்க, வளையல் கண்ணாடி. எங்க வீட்டுக்காரி பூங்கொடி பலகாரமெல்லாம் தூக்கிக்கிட்டு முன்னாடியே போயிட்டா. பன்னெண்டுக்கு மேல ராகு காலமாம், அதுக்குள்ள நான் போய்ச் சேரணும்.

சேரணும்னா, சேர்ந்தே ஆகணும் தம்பி. "அப்பா, நீங்க நேர்ல வந்து உங்க வாயால கூப்பிட்டாத்தான் பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வருவேன். இந்தத் தடவையும் வரலைன்னா இங்கயே ஓசூர்லயே பெத்துக்கறேன், உங்களுக்குச் சொல்லி அனுப்பக்கூட மாட்டேன்"னு போன்ல சொல்லிட்டா. கௌசிகா. ஒரே பொண்ணு. பிடிவாதக்காரி. யாரு மாதிரி வந்து பொறந்தாளோ தெரியலை.

இந்தத் தடவையும்னு சொன்னா பாருங்க, அந்த "யும்" இருக்குதே, அதுக்குத்தான் இவ்வளவு பேச்சு.

என் பேரு அர்த்தநாரி. சேலத்துல ஒரு பார்சல் கம்பெனில கம்ப்யூட்டர் செக்சன். சிஸ்டம் அர்த்தநாரின்னு கேட்டீங்கன்னா லோடுமேன்ல இருந்து லாரி டிரைவர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சிருந்துச்சு. எங்களுக்கு ஊர் ஊரா பிராஞ்சு. எந்த ஊர்ல எவன் பார்சல் போட்டாலும் அந்தச் சீட்டு வெளிய வரணும்னா, சேலத்துல சர்வர்ல ஒரு ஜாவா ப்ரோக்ராம் ஓடிக்கிட்டே இருக்கணும். அது நின்னா எல்லா பிராஞ்சும் கையைக் கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதுதான். மூட்டையும் கையுமா ஜனம் சண்டைக்கு வந்துடும்.

அதைப் போட்டுக் குடுத்தவன் மெட்ராஸ்காரன். போகும்போது ஒரே ஒரு விசயம் சொன்னான். "சார், உங்க மிசின்ல இந்தக் கறுப்பு விண்டோ திறந்திருக்குது பாருங்க, இதுல இருந்துதான் சர்வருக்குள்ள போய் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டிருக்கேன். இதை மட்டும் மூடிடாதீங்க. மூடினா ப்ரோக்ராம் செத்துடும்." சொல்லிட்டு அவன் பாட்டுக்கு பஸ் ஏறிட்டான். கௌசிகா அப்ப ஆறாவது படிச்சுக்கிட்டு இருந்தா.

அவன் சொன்னது நிஜம்தானான்னு நானும் ஒரு நாள் மூடிப் பார்த்தேன். பொசுக்குன்னு போயிடுச்சு தம்பி! ஸ்கிரிப்டோட கடைசியில ஒரு சின்னக் குறி போட்டிருப்பாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீ பின்னாடி போய் ஓடு, எனக்கு முன்னாடி இடத்தை விடுன்னு அர்த்தம். பின்னாடி போயி நல்லாத்தான் ஓடும். ஆனா அதை ஆரம்பிச்சு விட்ட விண்டோவை மூடினா, பின்னாடி ஓடறதும் சேர்ந்து செத்துடும். நான் இருக்கற வரைக்கும்தான் அது. அந்த மாதிரி ஒரு சமாச்சாரத்தை யாரை நம்பி விட முடியும் சொல்லுங்க?

அன்னைல இருந்து அந்த விண்டோவை நான் மூடினதே இல்லை. மிசின் மேல பெருசா எழுதி ஒட்டினேன்: "கை வைக்காதே. அர்த்தநாரி." அந்த ஒரு மிசினுக்குத் தனியா யூபிஎஸ். கூட்டற அம்மா என் மேசைகிட்ட வந்தாலே விளக்குமாத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கும். எங்காச்சும் தப்பித்தவறி விண்டோ போச்சுன்னா நான்தான் வந்து மறுபடி ஓட்டிவிடணும். பாஸ்வேர்டு? அதை எப்படிங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியும்? என்கிட்டத்தான் இருந்துச்சு.

இருங்க, போனைப் பார்த்துக்கறேன். ஒண்ணும் வரலை. சிக்னல் இருக்குதுல்ல இங்க? இருக்குது. சரி.

ஆயுத பூஜைன்னா எங்க கம்பெனில எப்படி இருக்கும் தெரியுமா? லாரியெல்லாம் கழுவி, வாழைமரம் கட்டி, எல்லா கம்ப்யூட்டரையும் அணைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு வரிசையா நிறுத்திடுவாங்க. அன்னைக்கு ஆயுதம் ஓய்வெடுக்கணும், ஒருத்தரும் தொடக் கூடாது. ஆனா உள் ரூம்ல இருக்கற சர்வரும் என் மிசினும் மட்டும் ஓடும். எங்க முதலாளி நாச்சிமுத்துக் கவுண்டர் முதல் பொட்டை என் மிசினுக்குத்தான் வைப்பாரு. "இதுதான்டா நம்ம குலசாமி, கண்ணை மூடாம நமக்குச் சோறு போடுது"ன்னு எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுச் சொல்லுவாரு. கற்பூரத்தட்டு என் கையில. வருசத்துல அந்த ஒரு நாள் போதும் தம்பி எனக்கு. சம்பளத்தை ஏத்திக் குடுன்னு நான் அவருகிட்ட வாயைத் திறந்ததே இல்லை.

நடுவுல டேனியல்னு ஒருத்தன் வேலைக்கு வந்தான். "அண்ணே, இந்த விண்டோ இல்லாமலே தானா ஓடற மாதிரி பண்ணிடலாம்ணே. நீங்க நிம்மதியா ஊருக்கு கீருக்குப் போயிட்டு வரலாம்"னான். ஓடறதுல கை வைக்காதேடான்னு சொன்னேன். கேக்கலை, மறுபடி மறுபடி வந்து நின்னான். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை போட்டு அவனைக் கோடவுனுக்கு மாத்திவிட்டேன். பொறுப்புல இருக்கறவன் அப்படித்தான் இருக்கணும். நல்ல பையன்தான், பாவம். துபாய்ல இருக்கறதாக் கேள்வி.

கௌசிகா கல்யாணம். அதைச் சொல்லாம எப்படி? திருச்செங்கோட்டுல மண்டபம். பொண்ணை மணையில உக்கார வெச்சாச்சு. தாரை வார்க்கணும், செம்புல தண்ணியோட நான் நிக்கறேன். போன் அடிக்குது. "அண்ணே, கரண்டு போயிடுச்சு, யூபிஎஸ்ஸும் புட்டுக்கிச்சு, உங்க விண்டோ போயிடுச்சு." முகூர்த்த நாள் தம்பி, சீர்சாமான் பார்சல் ஊரெல்லாம் கிடக்குது, எல்லா பிராஞ்சும் நிக்குது. நான் என்ன பண்ணட்டும்? செம்பை மச்சான் கையில குடுத்துட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினேன். பூங்கொடியோட அண்ணன்தான் தாரை வார்த்துக் குடுத்தாரு. நான் திரும்பி வரும்போது மண்டபத்துல வாழையிலையை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. கௌசிகா "சாப்பிட்டீங்களாப்பா?"ன்னு மட்டும் கேட்டா. சாப்பிட்டேன்னு சொன்னேன்.

ஆனா அன்னைக்குச் சாயங்காலம் முதலாளி மண்டபத்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் என் தோள்ல கை போட்டாரு. "அர்த்தநாரி இல்லைன்னா கம்பெனி இல்லை"ன்னாரு. சம்பந்தி வீட்டுக்காரங்கள்லாம் கேட்டாங்க. அதுவும் நடந்துச்சு. அதை மட்டும் எங்க வீட்டுல யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க.

இப்ப வர்றேன் அந்தப் பொண்ணுகிட்ட. மோனிஷா. ஆத்தூர்ப் பொண்ணு. போன ஆவணியில முதலாளியோட மகன் வேலைக்கு எடுத்துட்டு வந்தான். நல்ல பொண்ணு, மரியாதை தெரிஞ்ச பொண்ணு, அதுதான் தம்பி ஆத்திரமே. திமிர் பிடிச்சவளா இருந்திருந்தா நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருக்கலாம். வந்த புதுசுல என் மேசைகிட்ட நின்னு, "சார், இதை ஏன் மூடக் கூடாது?"ன்னு கேட்டா. மூடினா கம்பெனி நின்னுடும்மான்னேன். ஸ்கிரிப்டை ஒரு தடவை காட்டச் சொன்னா. முதலாளி மகன் பக்கத்துலயே நிக்கறான், காட்டாம எப்படி? ஒரு பார்வை பார்த்தா. "சார், முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சேர்த்தாப் போதும் சார்"னா.

அது என்ன வார்த்தைன்னு தெரியுமா தம்பி உங்களுக்கு? என்னது? ‘நோஹப்’பா? அடக் கருமமே, உங்களுக்கும் தெரியுமா! ரோட்டுல போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது போல. அதுதான். அதுவேதான்.

அதுக்கு ஒரு கதை வேற சொன்னா. "அந்தக் காலத்துல போன் லைன் வழியாத்தான் சார் கம்ப்யூட்டருக்குள்ள போவாங்களாம். போனை வெச்சதும், இந்த ஆள் போயிட்டாருன்னு சொல்லி அவர் ஆரம்பிச்சு வெச்ச எல்லாத்தையும் சிஸ்டம் நிறுத்திடும். இந்த வார்த்தையைப் போட்டுட்டா ஆள் போனாலும் அது பாட்டுக்கு ஓடும் சார்." ஆள் போனாலுங்கறா தம்பி. என் எதிர்ல உக்காந்துக்கிட்டு, என் ஸ்கிரிப்டைக் காட்டி, ஆள் போனாலும்! சிரிச்சுக்கிட்டே வேற சொல்றா.

முதலாளிக்கு விசயம் போச்சு. என்கிட்ட பாஸ்வேர்டை வாங்கி, அந்த வார்த்தையைச் சேர்த்து அவளே மறுபடி ஓட்டிவிட்டா. ஆயுத பூஜை அன்னைக்கு எல்லாரும் கூடி நிக்கறாங்க. கற்பூரத்தட்டு வழக்கம்போல என் கையில. "அர்த்தநாரி, இந்த வருசம் இதையும் அணைச்சுப் பூஜை பண்ணலாமாமே?"ன்னாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்து, "சார், மூடலாமா?"ன்னு என்கிட்டத்தான் கேட்டா. என்கிட்டக் கேட்டா தம்பி, மரியாதையா. அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பார்க்கறாங்க. சரின்னு தலையை ஆட்டினேன். வேற என்ன பண்ண முடியும்? மூடினா. மிசினையும் அணைச்சா. திரை கறுப்பா ஆயிடுச்சு, அதுல என் மூஞ்சிதான் தெரியுது.

முதலாளி மகன் போனைப் போட்டான் பிராஞ்சுக்கு. "புக்கிங் ஓடுதா?" ஓடுதாம். இன்னொரு ஊருக்குப் போட்டான். அங்கயும் ஓடுதாம். நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன் தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ஒரே ஒரு பிராஞ்சாவது நிக்கணும் சாமின்னு. ஒண்ணும் நிக்கலை. எல்லாரும் கை தட்டறாங்க. யாருக்கு? மோனிஷாவுக்கும் தட்டறாங்க, எனக்கும் தட்டறாங்க! "அண்ணே, இனி நீங்க ப்ரீண்ணே"ங்கறான் லோடுமேன் ஒருத்தன். முதலாளி வந்து, "இனிமே நல்லா லீவு எடுத்துக்க அர்த்தநாரி, பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வா"ன்னாரு. தட்டுல கற்பூரம் அணைஞ்சே போயிடுச்சு. யாரும் கவனிக்கலை.

இத்தனை வருசம் உழைச்சவனை ஒரு வார்த்தையில தூக்கிப் போட்டுட்டாங்க. அன்னைல இருந்து என்ன ஒண்ணுன்னாலும், "மோனிஷாவைக் கேளு." பிராஞ்சுல இருந்து போன் வந்தா, "மேடம் இருக்காங்களா?" மிசின் மேல நான் ஒட்டின பேப்பரைக் கிழிச்சுட்டாங்க. தினமும் காலையில கூட்டற அம்மா வந்து எல்லா மிசினையும் அணைச்சுட்டுத் தொடைக்குது, என்னுதையும் சேர்த்து. விளக்குமாறு என் கால் மேலயே படுது.

வீட்டுக்கு வந்து பூங்கொடிகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். கட்டினவ, நாலு ஆறுதல் சொல்லுவான்னு பார்த்தேன். அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தவ முறத்தைக் கீழ வெச்சா. "ஒரு வார்த்தையா?"ன்னா. ஆமான்னேன். "ஒரே ஒரு வார்த்தையா?"ன்னு மறுபடி கேட்டா. "அந்த ஒரு வார்த்தையை நீங்க யாருகிட்டயும் கேக்காததுனாலதான் எம் பொண்ணுக்கு எங்கண்ணன் தாரை வார்த்தாரா?"ன்னா. பொம்பளைங்களுக்கு டெக்னிக்கலா ஒண்ணும் புரியாது தம்பி. அவ அதைக் கௌசிகாகிட்டயும் போன்ல சொல்லிட்டா. அன்னைக்கு ராத்திரிதான் கௌசிகா கூப்பிட்டு, நேர்ல வந்தாத்தான்னு சொன்னது.

அதான் கிளம்பிட்டேன். லீவு போட்டுட்டேன் தம்பி! முறையா எழுதிக் குடுத்து லீவு. முதலாளியே கையெழுத்துப் போட்டு, பழம் வாங்கிட்டுப் போன்னு சொன்னாரு.

இது எந்த ஊரு, காவேரிப்பட்டணம் தாண்டியாச்சா? மணி என்ன இருக்கும்? ஆபீஸ் இந்நேரம் திறந்திருப்பாங்க. போன் வரலை பார்த்தீங்களா. ஒருத்தனும் கூப்பிடலை.

இல்ல, ஏன் கேக்கறேன்னா, காலையில பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஆபீசை ஒரு எட்டு பார்த்துட்டு வந்தேன். சாவி ஒண்ணு என்கிட்டயும் இருக்குது. ஊருக்குப் போறோமே, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்னு, அந்தப் பொண்ணு ஓட்டிவிட்டிருந்ததை நிறுத்திட்டு, ஸ்கிரிப்ட்ல அந்த வார்த்தையை எடுத்துட்டு, பழையபடி என் விண்டோவுல இருந்தே ஓட்டிவிட்டுட்டு வந்தேன். நமக்குப் பழகினது பழகினதுதானே? இத்தனை வருசம் அப்படித்தானே ஓடுச்சு? என்ன தம்பி அப்படிப் பார்க்கறீங்க? கூட்டற அம்மா அணைச்சுடாதான்னா? அணைக்கும்தான். பேப்பர் ஒட்டிட்டு வரணும்னு நினைச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரத்துல மறந்துபோச்சு. வயசாகுதுல்ல.

கிருஷ்ணகிரி வந்துடுச்சு போல. இங்க டீ குடிக்க நிறுத்துவான். இறங்கறீங்களா? இருங்க, இருங்க, போன்! ஆபீஸ்தான்! பார்த்தீங்களா தம்பி, சொன்னேனா இல்லையா!

ஹலோ! சொல்லும்மா மோனிஷா. என்னது? நின்னுடுச்சா? எல்லா பிராஞ்சுமா? ஐயையோ. பதட்டப்படாத, பதட்டப்படாத, நான் இருக்கறேன். கிருஷ்ணகிரிதான், இப்படியே திரும்பி... என்னம்மா? ஓடுதா? எப்ப இருந்து? ஓ. யாரோ மாத்தியிருந்தாங்களா? அந்த வார்த்தையை எடுத்துட்டாங்களா? எனக்கு எப்படிம்மா தெரியும், நான் பஸ்ல இருக்கறேன். ம். ம். வர வேண்டாமா? சரிம்மா. சரி. சொல்றேன். கௌசிகாவுக்கு வாழ்த்துன்னு சொல்றேன். வெச்சுடறேன்.

நின்னுடுச்சாம் தம்பி! எல்லா பிராஞ்சும்! முதலாளியே கதி கலங்கிப் போயிட்டாராம். "அர்த்தநாரி எங்கடா?"ன்னுதான் முதல்ல கேட்டாராம். அதை அந்தப் பொண்ணே சொல்லுது.

இப்ப ஓடுதாம். அவளே சரி பண்ணிட்டாளாம், அஞ்சே நிமிசத்துல. வர வேண்டாம், நிம்மதியாப் போயிட்டு வாங்க சார்ங்கறா. அப்படித்தான் சொல்லுவாங்க. மறுபடி நின்னுடுச்சுன்னா? அப்ப என்ன பண்ணுவா? அனுபவம் பத்தாது தம்பி. முதலாளி என்னைத்தான கேட்டிருக்காரு. அவர் கேட்டு நான் போகாம இருந்ததே இல்லை.

கொஞ்சம் நகருங்க, நான் இறங்கிக்கறேன். தெரியும், இங்கிருந்து ஓசூர் ஒரு மணி நேரம்தான், தெரியும். அதுக்கில்லை. உங்ககிட்ட ஒரு சின்ன உதவி. இந்தப் பையை மட்டும் ஓசூர் ஸ்டாண்டுல குடுத்துடுங்க, மருமகன் வந்து நிப்பாரு, உங்களைக் கூப்பிடச் சொல்றேன், உங்க நம்பரைச் சொல்லுங்க. ஜன்னல் வழியாக் குடுத்தாக்கூடப் போதும். கண்டக்டர்கிட்ட விட்டா தொலைச்சுடுவாங்க, எங்க தொழிலே இதுதானே, எனக்குத் தெரியாதா? கீழ வைக்காதீங்க, மடியிலயே வெச்சுக்கங்க, வளையல் கண்ணாடி. அப்பாவுக்கு ஆபீஸ்ல அவசரம்னு சொல்லிடுங்க. கௌசிகாவுக்குப் புரியும். அவளுக்கு எப்பவும் புரியும்.

என்ன கேக்கறீங்க? நான் இல்லாம வளைகாப்பு எப்படியா? அதெல்லாம் நல்லாவே நடக்கும் தம்பி. அவ அம்மா இருக்கறா, மாமன் வந்திருப்பாரு. நான் இருந்தா என்ன இல்லைன்னா என்ன, அது பாட்டுக்கு நடக்கும். கல்யாணமே நடக்கலையா?

கண்டக்டர், ஒரு ஆள் இறங்கணும்! சேலம் வண்டி எந்தப் பக்கம் நிக்கும்?